குளிர் விட்டுப்போனவள்

பெற்றீசியாவைப் பற்றித் தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு வரும், அதற்குப் பிறகுதான் பேச்சு வரும். கங்காணியிடம் கேட்டால் பெருமூச்சோடு நிறுத்திக்கொள்வார். ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், ஈரக்கொழுந்து என்று சொல்லி அவர் கூடுதலாகக் கழித்தபோது, பெற்றீசியா தராசுக் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, "மூணு நாளா மழையே இல்ல, ஈரம் எங்கேருந்துங்க வந்துச்சு? நீங்க அழுதீங்களா?" என்று கேட்டாள். மலை முழுக்கச் சிரித்தது. கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. "ஒனக்குக் குளிரு விட்டுப்போச்சு" என்றார்.

அந்தப் பேச்சு அவளோடு ஒட்டிக்கொண்டது. பயம் போய்விட்டவளை அப்படித்தான் சொல்வோம். ஆனால் விடியற்காலையில் தேயிலைச் செடி இடுப்பு வரை நனைத்துவிடும் இந்த மலையில், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நடக்கிறவளைப் பார்த்துக் குளிர் விட்டுப்போனவள் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். யார் யாரைப் பார்த்து என்ன சொல்வது என்பதற்குக் கணக்கு இல்லாமல் போய்விட்டது.

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தேயிலைக்குள் ஏறினால் தொழிலாளர் வரிசை வீடான மேல் லயம் வரும். அதில் கடைசி அறையான கோடிக் காம்பரா அவளுடையது. அப்பா இருந்த காம்பரா. அப்பா படுக்கையில் கிடந்தபோது வந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவர் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். அதற்கு முன்னால் அவளை வலப்பனைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. பூசை முடிந்து வரும்போதெல்லாம் மாமியார், "எங்க மருமக அடக்கமான புள்ள" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். அந்த அடக்கமான புள்ளைதான் ஒரு நாள் காலையில் துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு, "பஸ் வந்துச்சு, ஏறினேன்" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் அண்ணன் அலோசியஸ் வீட்டில் இருந்தாள். அங்கே அண்ணிக்கும் அவளுக்கும் கறிக்கு உப்புப் போடுவதில் தொடங்கிய வழக்கு, கோழி யார் வாசலில் முட்டையிட்டது என்பது வரை வளர்ந்தது. பிறகுதான் அப்பாவிடம் வந்தாள்.

இவள் யாரோடும் ஒத்துப்போக மாட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது இப்படித்தான். ஒட்டிய காம்பராவில் இருக்கும் ராசம்மாவோடு அவளுக்கு இன்று வரை ஒரு சொல் முட்டியதில்லை. அதை மட்டும் ஊர் கணக்கில் எடுக்கவில்லை.

மீன் வந்த கதை இனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், நிரஞ்சன் என்பவரின் வளர்ப்பு மீன் கடைக்குள் அவள் ஒதுங்கினாள். பெரிய தொட்டிகளில் மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. ஒரு மூலையில் ஜாம் போத்தலுக்குள் ஒரே ஒரு மீன். நீல உடம்பு, சிவந்த நீள வால்.

"இவன மட்டும் ஏங்க தனியா அடைச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஃபைட்டருங்கக்கா. சண்டை மீனு. யாருகூடவும் ஒத்துப்போகாது" என்றார் நிரஞ்சன்.

அவ்வளவுதான். இந்த வார்த்தையை அவள் பல வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். மழை விட்டபோது ஜாம் போத்தல் அவள் பைக்குள் இருந்தது. மேல் லயத்துக்கு வந்ததும் மீனை ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியில் விட்டு வாசல் தாழ்வாரத்தில் வைத்தாள். ராசம்மாதான் அதற்குப் பெயர் வைத்தாள். பங்களாவிலிருந்து இறங்கி வருகிற உதவி மேனேஜரைப் போல வாலை விரித்துக்கொண்டு மிதப்பாகத் திரும்பியதாம், அதனால் சின்னத்துரை.

ஆனால் சின்னத்துரையின் மிதப்பு இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்கவில்லை. டிசம்பர் பிறந்ததும் பனி இறங்கியது. மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை குத்தியது. சின்னத்துரை தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வாலைச் சுருட்டிக்கொண்டு, போட்டதைத் தின்னாமல், எப்போதாவது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் கீழே போனது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே மகிழ்ச்சி. "சண்டை மீனுன்னு சொன்னாங்க, எவ்வளவு அடக்கமா கெடக்கு பாரு" என்றார்கள். நம் மலையில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு இது. கொழும்பில் இந்த மீன் ஒரு நாளும் இப்படி ஏமாற்றாது. பெற்றீசியாவும் நம்பினாள். நம்ம தண்ணிக்கு வந்து நம்ம ஆளாகிவிட்டான் என்று நினைத்தாள்.

அந்த நினைப்பில் இருந்தபோதுதான் அலோசியஸ் தோட்டத் தலைவர் இராமையாவை அழைத்துக்கொண்டு வந்தார். அலோசியஸின் மகன் தர்ஷனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. இருக்க இடம் வேண்டும். தனியாக இருக்கிறவளுக்கு எதற்கு ஒரு முழுக் காம்பரா? அவள் அண்ணன் வீட்டு இஸ்தோப்பில், முன்தாழ்வாரத்தில் ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாமே. அலோசியஸ் இதை ஒரு உபகாரம் போலச் சொன்னார்.

"நான் போக மாட்டேன்" என்றாள் பெற்றீசியா.

"பார்த்தீங்களா தலைவரே. இவ யாருகூடவும் இருக்க மாட்டா. புருசன் வீட்டுல இருக்கல, என் வீட்டுல இருக்கல. அவ வளக்குறதப் பாருங்க, அதுவும் சண்டை மீனு! தேடிப் புடிச்சிருக்கா தன்ன மாதிரியே ஒன்ன."

"சண்டை மீனுன்னா தனியாத்தான் இருக்கணுமா? யாரு சொன்னா?"

"ஒலகமே சொல்லுது. எங்கே, அதோட நாலு மீனப் போட்டு வச்சுக் காட்டு பார்ப்போம். தவக்காலம் தொடங்குற விபூதிப் புதன் வரைக்கும் எல்லாம் உசுரோட ஒன்னா இருந்துச்சுன்னா, இந்தக் காம்பராவப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா நீ பொட்டியக் கட்டிகிட்டு என் இஸ்தோப்புக்கு வந்துரணும்."

"சரி."

"சரியா?"

"காது கேக்கலையாண்ணே? சரின்னு சொன்னேன்."

தலைவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ சம்பளப் பிரச்சினை, வேலிப் பிரச்சினை பேசித் தீர்த்தவர் அவர். மீனை நடுவில் வைத்துப் பஞ்சாயத்துப் பண்ணியது அதுதான் முதல் தடவை. "பேச்சு பேச்சா இருக்கணும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே எழுந்தார். படியிறங்கும்போது அலோசியஸ் திரும்பிப் பார்த்து, "ஒனக்குக் குளிருதான் விட்டுப்போச்சு" என்றார்.

பெற்றீசியா அடுத்த ஞாயிறே போய் நாலு கப்பி மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். கடையில் நிரஞ்சன் இல்லை, வேறு ஒருவர் நின்றார். இருப்பதிலேயே அழகாக, வால் அகலமாக இருப்பதைக் கேட்டு வாங்கினாள். தொட்டியில் விட்டாள். சின்னத்துரை அசையவே இல்லை. கப்பிகள் அதன் தலைக்கு மேல் விளையாடின. ஒரு நாள், ஒரு வாரம், ஒன்றுமில்லை. அவள் லயம் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினாள். அண்ணியைக் கூடக் கூப்பிட்டாள்.

பிறகு ஒரு காலை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது விரல்கள் மரத்துப்போய்க் கொழுந்தும் முற்றலும் தெரியாமல் கை தடுமாறியது. விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டபோது அவளுக்குச் சட்டென்று தோன்றியது: கம்பளி போட்டிருக்கிற எனக்கே இப்படி என்றால், தண்ணீருக்குள் கிடக்கிறவனுக்கு? வேலை முடிந்து வந்ததும் தொட்டியை அடுப்புக்குப் பக்கத்துத் திட்டில் தூக்கி வைத்தாள். தண்ணீர் மெல்லச் சூடேறியது. சின்னத்துரை எழுந்து போட்டதை எல்லாம் தின்றது. நிறம் திரும்பியது. அவள் சந்தோஷத்தோடு படுக்கப் போனாள்.

விடிந்து பார்த்தால் கப்பிகளுக்கு வால் இல்லை. கந்தல் துணியைப் போல நாலைந்து இழைதான் மிச்சம். சின்னத்துரை செவுளை விரித்துக்கொண்டு தொட்டியின் நடுவே நின்றது. மானம் போய்விட்டது. அவசரமாகக் கப்பிகளை அள்ளி வேறு போத்தலில் விட்டாள். செய்தி எப்படிப் போனதோ, அலோசியஸ் பெரட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

"முடிஞ்சுதா? பொட்டியக் கட்டு."

"ஒன்னும் சாகலண்ணே. வாலுதான் போயிருக்கு. விபூதிப் புதன் வரைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னும் நாள் கெடக்கு."

அவர் போன பிறகு அவள் அழுதாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கப்பிகளுக்காகப் பாதி, இஸ்தோப்புக்காகப் பாதி. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராசம்மா வந்து உட்கார்ந்தாள். தொட்டியையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"இந்தா புள்ள, இதுக்கு ஏன் அழுவுற? தொட்டியத் திரும்ப இஸ்தோப்புல வச்சுரு. குளிர்ல பேசாம கெடப்பான், அந்த மீனுகளும் தப்பிச்சுக்கும். விபூதிப் புதன் வரைக்கும் அப்படியே விட்டா நீதான் ஜெயிச்ச."

பெற்றீசியா மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை.

"வெறச்சுப்போய்க் கெடக்குறதுக்குப் பேரு ஒத்துமையாக்கா? வலப்பனையில நானும் அப்படித்தான் கெடந்தேன். சாப்பிடப் புடிக்காது, பேசப் புடிக்காது. எல்லாரும் அடக்கமான புள்ளன்னாங்க. யாரும் ஒடம்புக்கு என்னன்னு கேக்கல. இவன நான் அப்படிப் போட மாட்டேன். தோத்தாலும் சரி, இவன் முழிச்சுகிட்டுத்தான் இருப்பான்."

பஸ் வந்தது, ஏறினேன் என்பதற்கு மேல் ராசம்மா கேட்ட முதல் பதில் இதுதான். அவள் போய்ப் பால் விடாத பிளேன்டீ ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

நிரஞ்சனிடம் இந்த முறை அவள் சண்டைக்கே போனாள். "ஒத்துப்போகாதுன்னு சொன்னீங்களே, எதோட ஒத்துப்போகாதுன்னு சொன்னீங்களா?" என்று வாசலிலேயே தொடங்கினாள். கப்பி என்று கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, கப்பிக்கு வாலு நீளம், கலரு வேற. அதப் பார்த்தா இன்னொரு ஆம்பள ஃபைட்டரு தன் எடத்துக்கு வந்துட்டான்னு நெனச்சுக்கும். நீள வாலு இல்லாத, பளபளப்பு இல்லாத, கீழயே கெடக்குற மீனு வேணும். இந்தாங்க, கோரி."

கோரி என்பது மீசை வைத்த சின்ன மீன். மண் நிறம். தரையை மோந்துகொண்டே கூட்டமாகத் திரிந்தது. மேலே என்ன நடக்கிறது என்று தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. யார் முறைத்தாலும் அது கண்டுகொள்ளாது என்றார் நிரஞ்சன். பெற்றீசியா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "எங்க ராசம்மாக்காவேதான்."

அவர் சொன்னதை எல்லாம் அவள் செய்தாள். கப்பிகள் போத்தலிலேயே இருக்கட்டும், நாலு மீன் என்றுதான் அண்ணன் சொன்னார், எந்த மீன் என்று சொல்லவில்லை என்று நாலு கோரி வாங்கினாள். முன்னதைவிட நீளமான தொட்டி. தண்ணீரைச் சூடு குறையாமல் வைத்திருக்கும் ஹீட்டர். ஒருவன் பார்வை இன்னொருவன் மேல் ஓயாமல் விழாதபடி நிறையச் செடி, உடைந்த மண்சட்டி ஒன்று. கினிகத்தேனையிலிருந்து வரும் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவைத்து, மீனுக்கு நல்லதென்று கொட்டாம்பா என்ற நாட்டு வாதுமை இலையை வரவழைத்துக் காயவைத்துத் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் பிளேன்டீ நிறத்துக்கு வந்தது. இதற்கெல்லாம் அவள் கிறிஸ்மஸுக்குச் சேலை எடுக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லிக் குறைபடவும் இல்லை.

"கோரிய முதல்ல விடுங்க. ஃபைட்டரக் கடைசியா விடணும். முதல்ல வந்தவன்னா மொத்த வீடும் தன்னோடதுன்னு நெனச்சுக்குவான்" என்று நிரஞ்சன் சொல்லியிருந்தார்.

"எனக்குத் தெரியும், எங்க வீட்டுல முதல்ல பொறந்தவரு எங்க அண்ணன்தான்" என்றாள் அவள்.

கோரிகள் இடம் பழகிய பிறகு சின்னத்துரையை விட்டாள். அது சுற்றிப் பார்த்தது. முதல் கோரியைக் கண்டதும் செவுளை விரித்தது. கோரி மண்ணை மோந்தபடி அதன் வயிற்றுக்குக் கீழாகப் போய்விட்டது. சின்னத்துரைக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு முறை விரித்துப் பார்த்தது. மதிக்க ஆளில்லை. பிறகு மேலே போய்த் தன் இலைக்குக் கீழே நின்றுகொண்டது. நாட்கள் போகப் போக அப்படியே ஆயிற்று. எப்போதாவது அது துரத்தும், கோரிகள் சட்டிக்குள் போகும், வரும். சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை, குடும்பம் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. ஒரே லயத்தில் இருக்கிறவர்கள் போல இருந்தார்கள்.

விபூதிப் புதனுக்கு முதல் நாள் மாலை பெரிய காற்று அடித்தது. சவுக்கு மரம் ஒன்று முறிந்து கம்பி மேல் விழுந்தது. கரண்டு போய்விட்டது. ஹீட்டர் நின்றது. பெற்றீசியா தன் கம்பளியால் தொட்டியைச் சுற்றிவிட்டு, காலையில் கோயிலுக்குப் போனாள். நெற்றியில் சாம்பல் சிலுவையோடு அவள் திரும்பி வந்து சேரவும், அதே சிலுவையோடு அலோசியஸும், கூடவே தலைவர் இராமையாவும் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அவள் கம்பளியை எடுத்தாள். தண்ணீர் சில்லிட்டுக் கிடந்தது. சின்னத்துரை பழையபடி வாலைச் சுருட்டிக்கொண்டு அடியில் ஒதுங்கியிருந்தது. கோரிகளும் பக்கத்தில் சும்மா கிடந்தன. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எல்லாம் உசுரோட இருக்கு. சண்டை சச்சரவும் ஒன்னும் காணோம். பக்கத்துல பக்கத்துல படுத்திருக்குதுங்க. அலோசியஸு, பேச்சு பேச்சுதான்."

அலோசியஸின் முகத்தில் ஈயாடவில்லை. ராசம்மா வாசலில் நின்று கைகூப்பி முருகனைக் கும்பிட்டாள். பெற்றீசியா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், காம்பரா அவளுடையது. வாயை மூடிக்கொண்டு நிற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாததும் இல்லை. அதை அவள் வலப்பனையில் நன்றாகவே பழகியிருந்தாள்.

"இல்லிங்க தலைவரே. உக்காருங்க. இப்பப் பார்த்தது கணக்கு இல்ல. அவன் வெறச்சுக் கெடக்குறான். சூடு வந்து முழிக்கட்டும், அப்பப் பார்த்துச் சொல்லுங்க."

ராசம்மா அவள் இடுப்பில் கிள்ளினாள். அலோசியஸ் நிமிர்ந்தார். தோற்ற ஆளுக்கு உயிர் திரும்பிவிட்டது. "அவளே சொல்றாளே! முழிக்கட்டும் தலைவரே. முழிச்சுகிட்டு என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்" என்று நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

பெற்றீசியாவும் ராசம்மாவும் இரண்டு அடுப்பிலும் தண்ணீர் வைத்தார்கள். சுடுதண்ணீரைப் போத்தல்களில் ஊற்றி இறுக மூடி, ஒவ்வொன்றாகத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். ஆறியதை எடுத்துவிட்டு வேறு விட்டார்கள். நடுவில் வந்தவர்களுக்குப் பெற்றீசியா பிளேன்டீயும் கொடுத்தாள். ஏன் இந்த வாய் சும்மா இருக்கவில்லை என்று தன்னைத் தானே திட்டியும் கொண்டாள். ஆனாலும் அடுத்த போத்தலை விட்டாள்.

சின்னத்துரை முதலில் வாலை அவிழ்த்தது. பிறகு மேலே வந்து காற்றை விழுங்கியது. நீலம் ஏறியது, சிவப்பு ஏறியது. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. அடியில் ஒரு கோரி மீசையை ஆட்டிக்கொண்டு கிளம்பி, நேரே அதன் வழியில் வந்தது. சின்னத்துரை நின்றது. செவுள் இரண்டையும் விரித்தது.

"பாருங்க, பாருங்க!" என்று அலோசியஸ் எழுந்தே விட்டார்.

கோரி தரையை மோந்துகொண்டே போய்விட்டது. பின்னால் இரண்டு கோரிகள் வந்து, அவையும் போயின. சின்னத்துரை செவுளை மடக்கிக்கொண்டு திரும்பியது. அப்போது கண்ணாடிக்கு வெளியே மிக அருகில் அலோசியஸின் முகம் இருந்தது. அதைக் கண்டதும் சின்னத்துரை பாய்ந்து வந்து, வாலை விரித்து, செவுளை விரித்து, கண்ணாடியிலேயே முட்டியது. அலோசியஸ் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து, நாற்காலியில் இடறி அதோடு சாய்ந்தார். பிளேன்டீயில் பாதி அவருடைய சட்டையில்.

தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அலோசியஸு, அதுக்கு அங்க உள்ள யாருகூடயும் பிரச்சினை இல்லப்பா."

"அவன் சண்டைக்காரன்தாங்க. இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றாள் பெற்றீசியா.

அலோசியஸ் சட்டையை உதறினார். சொல்ல நிறைய இருந்தது, ஆனால் காம்பராவைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்று அவரே சொல்லியிருந்தார். தேடிப் பார்த்ததில் பழைய வார்த்தை ஒன்றுதான் கிடைத்தது.

"ஒனக்குக் குளிரு விட்டுப்போச்சு."

"ஆமாண்ணே. அவனுக்கும் விட்டுப்போச்சு, எனக்கும் விட்டுப்போச்சு" என்றாள் அவள். அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி, சூடாக நிறைய ஊற்றி, திரும்பக் கொடுத்தாள். "குடிங்க. என் காம்பராவுக்கு வந்தவங்க வெறும் வயித்தோட போகக்கூடாது."